வால்டர் பேட்டன்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்கக் கால்பந்தில் சிகாகோ பேர்ஸ் அணியின் ரன்னிங் பேக்காக ஆடிய வால்டர் பேட்டனைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதற்குக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரு வேண்டுகோள்: இருவர் பந்தோடு ஓடிக் கடந்த யார்டுகளை ஒப்பிடும் முன், ஆளுக்கு எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று பாருங்கள்.

ஐயா, ரன்னிங் பேக் என்பவரின் வேலை என்ன?

குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்துபவர்) கையில் தரும் பந்தை வாங்கி, எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து முன்னேறுவது. பந்து தன்னிடம் இல்லாதபோது, குவார்ட்டர்பேக்கை மோத வருபவனைத் தடுப்பது. இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. பேட்டன் அதிலும் கெட்டி.

வந்தவுடனே கலக்கினாரா?

இல்லை. மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பியா ஊர்க்காரர், ஜாக்சன் ஸ்டேட்டில் படித்தவர். 1975இல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது நான்காவது ஆளாகத் தேர்வானார். முதல் ஆட்டத்தில் 8 முறை ஓடி 0 யார்டு. ஆனால் 1977 நவம்பரில், காய்ச்சலோடு இறங்கி, மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக 40 முறை ஓடி 275 யார்டு எடுத்தார். 2000 வரை அதை யாரும் தாண்டவில்லை. பேர்ஸ் வென்றது 10-7 என்றுதான். அன்று அவர் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

அவர் ஓட்டத்தில் அப்படி என்ன விசேஷம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பழைய படச்சுருள் ஒன்றை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பக்கக்கோட்டை ஒட்டி ஓடுகிறார். ஓர் அடி வெளியே வைத்தால் போதும், அடி வாங்காமல் தப்பலாம். வைக்கமாட்டார். முழங்காலை மடக்காமல் காலை நீட்டி நீட்டி வைப்பார். மடக்கப் பாய்பவனுக்கு எப்போது பாய்வது என்றே பிடிபடாது. பந்து ஒரு கையில், மறு கை முன்னால். மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்ததும் இவரே முந்திக்கொண்டு இடிப்பார். அடிக்க வந்தவன் விழுந்து கிடப்பான்.

இதற்கு உடம்பு எங்கிருந்து வந்தது? சிகாகோவுக்கு வடமேற்கே ஆர்லிங்டன் ஹைட்ஸில் ஒரு செங்குத்தான மேடு. கோடைக்காலத்தில் அதில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவார். கூட ஓட வந்த சக ஆட்டக்காரர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள்.

பின்னாளில் வந்த ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித் மொத்தம் ஓடியது 18,355 யார்டு, பேட்டன் 16,726. அப்படியானால் ஸ்மித்தானே பெரியவர்?

மேலே சொன்னது இதற்குத்தான். ஸ்மித் 226 ஆட்டம், பேட்டன் 190. பேட்டன் காலத்தில் 1977 வரை பருவத்துக்கு 14 ஆட்டம்தான். ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் 1982 பருவம் 9 ஆட்டத்தோடு முடிந்தது. ஆட்டத்துக்குப் பேட்டன் 88 யார்டு, ஸ்மித் 81.

அண்ணா, அந்தக் கணக்கில் பேட்டனுக்கு முன் ஆடிய ஜிம் பிரவுன்தானே முதல்? 118 ஆட்டத்தில் 12,312. ஆட்டத்துக்கு 104!

சரியாகப் பிடித்தீர்கள். கணக்கு மட்டும் போதுமென்றால் பிரவுன்தான், மறுக்கவில்லை. 9 பருவம், ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாதவர். அவருடைய மொத்த யார்டு சாதனையைப் பேட்டன் 1984 அக்டோபரில்தான் தாண்டினார். என் வாதம் வேறு. பேட்டனின் ஆரம்ப ஆண்டுகளில் பேர்ஸ் பலவீனமான அணி. எதிரணி பதினோரு பேருக்கும் பந்து யாரிடம் வரும் என்று தெரியும். அதிலும் 13 பருவம் தாங்கினார். பந்து பிடித்தார், தடுத்தார், 8 டச்டவுனுக்கு (எதிரணியின் கோட்டைப் பந்தோடு தாண்டிப் புள்ளி எடுப்பது) பந்து எறியவும் செய்தார். முழுமையான ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் பேட்டன்தான்.

இன்னொரு ரன்னிங் பேக், பேரி சாண்டர்ஸை விட்டுவிட்டீர்களே?

வளைந்து நெளிந்து ஓடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பேட்டனின் சாதனைக்கு 1,457 யார்டு இருக்கும்போது, 1999இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

இவர்களில் யார் பெரியவர்?

மூன்று பதில் மேலே இருக்கிறது. படியுங்கள்.

இந்த வருட ஃபேன்டசி அணிக்கு யாரை எடுக்கலாம்?

கற்பனை அணி கட்டும் அந்த விளையாட்டு என் துறையல்ல. அதை ஆடுபவர்களைக் கேளுங்கள்.

சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் பேட்டன் டச்டவுன் போடவில்லையாமே?

உண்மை. 1986 ஜனவரி, நியூ இங்கிலாந்து அணிக்கு எதிராக பேர்ஸ் 46-10 என்று வென்றது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பந்தைத் தவறவிட்டார். பிறகு கோட்டருகே பந்து வந்தபோது, தடுப்பாட்டக்காரரான வில்லியம் பெரியிடம் கொடுக்கச் சொன்னார் பயிற்சியாளர் மைக் டிட்கா. அதற்காகப் பின்னாளில் வருந்தினார் டிட்கா. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேட்டன் எப்படி இறந்தார்?

பித்தநாளங்களைச் சுருக்கும் அரிய கல்லீரல் நோய். 1999 பிப்ரவரியில் அதை வெளியே சொன்னார். மாற்றுக் கல்லீரல் தேவைப்பட்டது. பித்தநாளப் புற்றுநோய் வந்ததால் அந்த வழியும் அடைபட்டது. நவம்பர் 1 அன்று போனார். சமூகப் பணிக்கு லீக் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

13 பருவத்தில் பேட்டன் ஒரே ஒரு ஆட்டம் தவறவிட்டார் என்று சென்ற வாரம் எழுதினீர்கள். எது?

1975, முதல் பருவம். காயம் என்று உட்கார வைத்தார்கள். தன்னால் ஆடியிருக்க முடியும் என்பதே பேட்டனின் கட்சி.