கன்னியாவில் கிடைத்த வெள்ளைக் கல்துண்டுகள்: சிக்கிமுக்கியா?

கிணறு வெட்டிய மண்ணில் கண்ணாடி போன்ற வெள்ளைத் துண்டுகள் கிடந்தன, சிக்கிமுக்கிக் கல்லா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்தால் குவார்ட்ஸ் (கடினமான படிகக் கல்) போலத்தான் தெரிகிறது. அசல் சிக்கிமுக்கி சுண்ணப்பாறைகளுக்குள் உருவாவது. கன்னியா இருக்கும் திருகோணமலைப் பக்கம் இருப்பதோ வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிய பழைய உருமாறிய பாறைகள். இலங்கையின் நுண்கற்கருவிகளில் (கற்கால மனிதர் செய்த சிறு கல் கருவிகள்) பெரும்பாலானவை குவார்ட்ஸ்தான், கற்கால மனிதர் வாழ்ந்த பட்டதொம்பலென குகையிலும் அப்படியே. செர்ட் (சிக்கிமுக்கியும் சேர்ந்த கல்வகை) என்றால் ஒளி ஊடுருவாமல் மெழுகு பூசியது போல மங்கலாக இருக்கும்.

உதவாத ஒரு சில்லை எடுத்து வெற்றுக் கண்ணாடிப் போத்தலில் கீறிப் பாருங்கள். கீறல் விழாவிட்டால் அநேகமாகக் கல்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். வினாகிரி விட்டால் நுரைக்கும். கீறல் விழுந்தால் உடைந்த பக்கத்தைக் கவனியுங்கள். பாறைகளில் சாதாரணமாகக் காணும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் கண்ணாடியைக் கீறும், ஆனால் தட்டையான பளபளப்பு முகங்களாக உடையும். குவார்ட்ஸ் சிப்பி ஓடு மாதிரி வளைந்து உடையும்.

அப்புறம், குவார்ட்ஸ் என்பதாலேயே கருவி ஆகிவிடாது. மண்வெட்டி பட்டாலும் சிதறும் கல் அது! (நானே ஒருமுறை சல்லிக்கல்லைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.) ஓரத்தில் வரிசையாகச் சிறு சில்லுகள் எடுத்த தடம் இருந்தால் கழுவாமல், கிடந்த ஆழத்தைக் குறித்துவைத்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.