அப்பாவின் கிளினிக் கொப்பியில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. ஏழு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டுகிறோம். சனம் கூட; வைத்தியர் ஐந்து நிமிடம்தான் பார்க்கிறார். கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லி சொந்தக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நல்ல இருதய வைத்தியரை எப்படி அறிவது?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, ஐந்து நிமிடம் என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். அது அப்பாவின் கிளினிக் கொப்பியில் இருக்கும்.

அமெரிக்காவில் இருதய வைத்தியர்களின் சிகிச்சைத் தரத்தை அளந்து அங்கீகாரம் கொடுக்கும் திட்டங்கள் உண்டு. அங்கேயும் பளபளக்கும் மெஷினைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, கொலஸ்ட்ரோல் பார்த்தார்களா, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து போகிறதா, புகைப்பவருக்கு நிறுத்தச் சொன்னார்களா என்று கோப்பைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பிரஷர் எழுதப்பட்டிருக்கிறதா? 140/90க்கு மேலே நின்றால் மருந்தை மாற்றினார்களா, அல்லது பழையதையே திரும்ப எழுதினார்களா? என்னைக் கேட்டால் இதுதான் முதல் சோதனை. எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரோல் 70க்குக் கீழே வந்ததா? எக்கோ என்கிற இதய ஸ்கானில் இதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு 40 வீதம் அல்லது அதற்கும் குறைவென்றால், அதற்கென்றே ஆயுளைக் கூட்டும் குளிசைகள் இருக்கின்றன, அவை தொடங்கப்பட்டனவா? அப்பா சுருட்டுப் பிடிப்பவரென்றால், அதைப்பற்றி யாராவது கேட்டார்களா? ஏதாவது விடுபட்டிருந்தால் அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார்.

"அவரிடம் போனவர்களில் இத்தனை பேர் செத்தார்கள்" என்ற கதையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். மற்றவர்கள் கைவிட்ட வருத்தக்காரரை ஏற்றுக்கொள்பவரிடம் இழப்பும் கூடத்தான் இருக்கும். நியூயோர்க் மாநிலம் பைபாஸ் சத்திரசிகிச்சை இறப்பு விகிதங்களை வெளியிடும்போது, நோயாளி எவ்வளவு மோசமான நிலையில் வந்தார் என்பதையும் கணக்கில் சேர்த்தே வெளியிடுகிறது.

கொப்பி ஒழுங்காக இருந்தால் கொழும்பு தேவையில்லை. தூரம் கூடினால் கிளினிக் தவறும். கிளினிக் தவறினால் குளிசை தவறும். மாரடைப்புக்குப் பிறகு இரத்தம் உறையாமல் தடுக்க அஸ்பிரினோடு கொடுக்கும் இரண்டாவது குளிசையைப் பெரும்பாலும் ஒரு வருடம் போடவேண்டும். பல்லுப் பிடுங்கப் போனாலும் இருதய வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. இடையில் நிறுத்தி ஸ்டென்ட் அடைபட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

திரும்ப நெஞ்சுநோ வந்தால் ஓட்டோ பிடித்து அலையாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும், எடுக்காவிட்டால் உரத்துக் கேளுங்கள். கொப்பியையும் குளிசை மட்டைகளையும் ஒரு பையில் போட்டு இன்றைக்கே வாசலடியில் கொழுவி வையுங்கள்.