செலுத்திய செல்கள் எங்கே போயின, ஸ்கேனில் தெரியுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஒரு மாதம் முன்பு கார்-டி செல் சிகிச்சை கொடுத்தார்கள், அதாவது அவருடைய டி செல்களை (நோய் எதிர்ப்புச் செல்கள்) எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மரபணுவை மாற்றித் திரும்பச் செலுத்தினார்கள். இப்போது எடுத்த பெட் ஸ்கேனில் ஓரிடம் பளிச்சென்று தெரிகிறது. அது கட்டியா, உள்ளே செலுத்திய செல்களா? ஸ்கேனில் பிரித்துப் பார்க்க முடியாதா?

பதில்: அந்த ஸ்கேன் செல்களைத் தேடவே இல்லை, சர்க்கரையைத்தான் தேடியது. ஸ்கேனுக்கு முன் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகை குளுக்கோஸ், அதைக் கட்டியும் இழுத்துக்கொள்ளும், கட்டியோடு மல்லுக்கு நிற்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் கூடிய இடமும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல எங்களுக்கே சிரமம். சில வாரம் கழித்து மறுபடி எடுப்போம், சந்தேகம் தீராவிட்டால் அந்த இடத்திலிருந்து சிறு திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி.

சரி, செல்களையே பின்தொடர வழி இல்லையா என்றால், உண்டு. செலுத்தும் முன்பே இண்டியம்-111 அல்லது சிர்கோனியம்-89 என்ற கதிரியக்கப் பொருளைச் செல்லுக்குள் ஏற்றிவிடலாம். ரத்தக் குழாய் வழியாகப் போன செல்கள் முதலில் நுரையீரலில் தேங்கி நிற்பதும், அப்புறம் கல்லீரல், மண்ணீரல் பக்கம் நகர்வதும் படத்தில் தெரியும். ஆனால் இரண்டுக்கும் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 3 நாள்தான். போதாக்குறைக்கு, கார்-டி செல் உடலுக்குள் போய்ப் பெருகும்போது ஒவ்வொரு பிரிவிலும் அடையாளம் பாதியாகிவிடும், செல் செத்தால் அதை விழுங்கிய வேறு செல் ஒளிர்ந்து நம்மை ஏமாற்றும்.

இதைச் சமாளிக்கத்தான் அடையாளத்தை மரபணுவாகவே செல்லுக்குள் வைக்கும் முறை வந்தது, செல் பெருகினால் அடையாளமும் கூடவே பெருகும். மூளைக்கட்டி நோயாளி ஒருவருக்குச் செலுத்திய டி செல்களை ஸ்டான்ஃபோர்டின் சஞ்சீவ் கம்பீர் குழுவினர் இப்படிப் படம்பிடித்து 2009-இல் வெளியிட்டார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 2005-இல் வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வு. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களின் டென்ட்ரிடிக் செல்களில் (டி செல்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும் செல்கள்) இரும்புத் துகள் ஏற்றி, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே நிணநீர்க் கணுவில் ஊசி போட்டார்கள், ஆனால் பாதிப் பேருக்கு அந்தச் செல்கள் கணுவுக்குள் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதை எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்தது.

இவையெல்லாம் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்து விஷயங்கள், வழக்கமான சிகிச்சையில் கிடைப்பதில்லை. அண்ணனின் ரத்தத்தில் கார்-டி செல்கள் இருக்கின்றனவா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற, செல்களை வகை பிரித்து எண்ணும் பரிசோதனையில் பார்க்க முடியும், பார்த்தார்களா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பழைய அறிக்கையோடு படங்கள் உள்ள சிடியையும் எடுத்துப் போங்கள், ஒப்பிட அதுதான் வேண்டும்.