கோச்சிடம் கேளுங்கள்: கல்லூரி டென்னிஸ்

அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடினேன். பிறகு அங்கேயே துணை கோச். இப்போது பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன்.

செல்வி, அல்சூர்: கோச் ஆனதும் வாழ்க்கை எப்படி மாறியது?
ஆடும்போது என் மேட்ச் மட்டுமே என் கவலை. கோச்சானதும் ஆறு கோர்ட்டில் ஆறு பிள்ளைகள். காலையில் தனிப் பயிற்சி, மதியம் அணிப் பயிற்சி. நடுவில் வேன் ஏற்பாடு, யாருக்கு எப்போது பரீட்சை என்ற கணக்கு, அடுத்த வருஷத்துக்கு ஆள் தேடிப் போன். அங்கே கல்லூரி அணிகள் மோதும்போது முதலில் மூன்று டபுள்ஸ். இரண்டை ஜெயித்த அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு சிங்கிள்ஸ், தலைக்கு ஒரு புள்ளி. நான்கு எடுத்தால் வெற்றி. 3-3 என்று வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் ஒரே கோர்ட்டில் பதினெட்டு வயசுப் பையன் சர்வ் போடுவான்; முடித்தவர்கள் எல்லாரும் ஓரத்தில் நின்று கத்துவார்கள். கல்லூரி ஆட்டத்தில் கோச் கோர்ட்டுக்குள் வந்து பேசலாம். அந்த நேரம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வேன்: சர்வ் எங்கே போட வேண்டும் என்று. இரண்டாவது விஷயம் அவன் காதில் ஏறாது.

ரமேஷ், ஒயிட்ஃபீல்ட்: மகனுக்கு 9 வயது. எந்த ராக்கெட்?
கைக்குக் கனக்காதது. ராக்கெட்டைவிடப் பந்தைப் பாருங்கள். பிள்ளைகளுக்கான, அதிகம் எழும்பாத ஆரஞ்சு, பச்சைப் பந்து போதும். பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்து தலைக்கு மேல் எழும்பும், வீச்சு கெட்டுவிடும்.

முரளி: மகளுக்கு 10. எந்த ராக்கெட்?
ரமேஷுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜான்சி, ஆஸ்டின் டவுன்: ஸ்காலர்ஷிப் வாங்கித் தர ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார்.
கட்டாதீர்கள். மேட்ச் வீடியோ, யூடிஆர் எண் (ஆட்டத் திறனைக் காட்டும் உலக ரேட்டிங்), மதிப்பெண் மூன்றையும் வைத்து கோச்சுக்கு நேரடியாக மெயில் போடுங்கள். பிள்ளையே எழுதட்டும். அப்பா எழுதிய மெயில் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

கார்த்திக், கோரமங்களா: ப்ரோ (தொழில்முறை வீரர்) ஆக முடியாதவர்கள் போகும் இடம்தானே கல்லூரி?
இந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது. சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) சிங்கிள்ஸ் சாம்பியன். பிறகு உலகத் தரவரிசையில் 62 வரை போனார். நம் மதுரைக்காரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் தன் முதல் ஆட்டத்திலேயே சுவிஸ் வீரர் ஜெரோம் கிம்மைத் தோற்கடித்தார்.

கார்த்திக்: ஸ்பெயின் வீரர் அல்கராஸ் கல்லூரிக்குப் போனாரா?
இல்லை. அவர் 18 வயதில் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) பட்டம் ஜெயித்தவர். உங்கள் பையனும் அப்படி ஆடினால் போக வேண்டாம். மற்றவர்களுக்கு அந்த வயதில் உடம்பே முழுசாக வளர்ந்திருக்காது. வாரா வாரம் விமானம், ஹோட்டல், கோச் சம்பளம் எல்லாம் வீட்டின் தலையில் விழும். நல்ல கல்லூரி அணியில் கோர்ட், ஃபிசியோ, பயணம் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 22 வயதில் டிகிரியோடு வெளியே வந்து ப்ரோ ஆட யார் தடுக்கிறார்கள்?

பிரியா: கார்த்திக் சொல்வதும் சரிதானே? எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு முழுநேரம் ஆடினால்?
நிறுத்தாதீர்கள். பள்ளி மதிப்பெண் இல்லையென்றால் எந்தக் கல்லூரிக் கோச்சும் கைகொடுக்க முடியாது.

சுரேஷ்: ஏஜென்ட் நல்லவர் என்றால்?
முன்பணம் கட்டாதீர்கள்.

வசந்தி, ஜெயநகர்: முட்டி வலியோடு மகள் ஆடலாமா?
கூடாது. எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை கோர்ட் பக்கம் வர வேண்டாம்.