வாசகர் கேள்வி-பதில்: மாடல் விமானத்துக்கு எந்த இன்ஜின்?

கேள்வி: 1.6 மீட்டர் இறக்கை கொண்ட பல்சா மரப் பயிற்சி விமானம் வாங்கியிருக்கிறேன். பெட்டியில் '40-46 டூ ஸ்ட்ரோக்' என்று இருக்கிறது. கடைக்காரரோ, "பவர் கூட இருந்தால் நல்லதுதானே, 60 போடுங்கள்" என்கிறார். எதை வாங்குவது?

பதில்: 46. அதிலும் அச்சு வெறும் உலோகக் குழலில் (புஷ்) சுழல்வதை விட்டுவிட்டு, பால் பேரிங் வைத்ததை வாங்குங்கள்.

இந்த எண்கள் இன்ஜின் கொள்ளளவின் கன அங்குலக் கணக்கு. 40 என்பது 0.40 கன அங்குலம், அதாவது 6.5 சிசி. 46 என்றால் 7.5 சிசி, 60 என்றால் சுமார் 10 சிசி. 40, 46 இரண்டும் பெரும்பாலும் ஒரே அளவு கிராங்க்கேஸில் (இன்ஜின் உடம்பில்) வருவதால் எடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. 60-க்கு உடம்பே பெரிது. மஃப்ளரோடு சேர்த்து 46 அரை கிலோ வரும், 60 ஏறக்குறைய 700 கிராம்.

அந்த 200 கிராம் மூக்கில் உட்காருகிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து இன்ஜின் 30 செ.மீ., வால் 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சமன் செய்ய வாலில் இன்னும் 75 கிராம் ஈயம் ஒட்ட வேண்டும். இரண்டரைக் கிலோ விமானம் இப்படியே 2.8 கிலோவை எட்டிவிடும். மெதுவாக வந்து இறங்க வேண்டிய விமானம் வேகமாக வந்து இறங்கும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. 60-க்குப் பொருத்தமான 12 அங்குல புரொப்பல்லர் புல்தரையில் உரசுவது தனிக்கதை.

46-க்கு 11x6 புரொப்பல்லர் போதும். 11 என்பது அங்குலத்தில் விட்டம். 6 என்பது பிட்ச்: ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் கணக்குப்படி மணிக்கு 110 கி.மீ. பயிற்சிக்கு அதுவே அதிகம். 11x5 போட்டால் 91 கி.மீ.க்கு இறங்கும், ஏறும்போது இழுவையும் நன்றாக இருக்கும். டேங்க் 300 மி.லி. போதும்.

கேள்வி: பழைய 46 ஒன்று விலைக்கு வருகிறது. எதைச் சோதிப்பது?

பதில்: கிளோ பிளக் (கம்பிச் சுருளின் சூட்டால் எரிபொருளைப் பற்றவைப்பது) மாட்டியிருக்க, புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஏபிசி வகையில் (அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை லைனர்) பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. லைனர் (சிலிண்டரின் உள் உறை) மேலே குறுகியிருப்பதால், குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கிப் பிடிக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் கோளாறு என்று நினைப்பார்கள். உண்மையில் அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால்தான் லைனர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்; அதை வாங்காதீர்கள். ரிங் வைத்த இன்ஜினில் இப்படி இறுகாது, அழுத்தம் மட்டும் தெரியும்.

அடுத்து பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல் இருந்தால் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பறத்தி முடித்ததும் மிச்ச எரிபொருளை ஓட்டித் தீர்க்காமல், எண்ணெய் விடாமல் பெட்டியில் வைத்தால், முதலில் போவது பின்பக்க பேரிங்தான். மாற்றிவிடலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

கேள்வி: தரையில் அருமையாக ஓடும் இன்ஜின், மேலே ஏறும்போது நின்றுவிடுகிறது. பிளக் மாற்றியும் பலனில்லை. இன்ஜினையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலை அதிகம் இறுக்கியிருக்கிறீர்கள். மூக்கு மேலே போனதும் டேங்க் கார்புரேட்டருக்குக் கீழே தங்கிவிடும். எரிபொருள் மேலே ஏற வேண்டியிருப்பதால் கலவையில் எரிபொருள் இன்னும் குறைந்து வறண்டுபோகும், இன்ஜின் சூடேறி நிற்கும்.

முழு த்ராட்டிலில் உச்ச வேகம் வரும்வரை நீடிலை இறுக்கி, பிறகு 200-300 சுற்று குறையும் அளவுக்குத் திறந்துவிடுங்கள். ஒருவர் விமானத்தை உறுதியாகப் பிடித்து மூக்கைச் செங்குத்தாகத் தூக்கட்டும். புரொப்பல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது. வேகம் லேசாகக் கூடினால் சரி. தொய்ந்தால் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும்.

சரிவராவிட்டால் டேங்கைப் பாருங்கள். அதன் நடுக்கோடு நீடில் வால்வு மட்டத்திலோ, 1 செ.மீ. வரை கீழேயோ இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் குழாயில் ஊசித்துளை விழுந்தாலும் இதே தொல்லைதான்.

கேள்வி: 46-க்குப் பதில் மின் மோட்டார் போடலாமா?

பதில்: போடலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இன்ஜின் வாங்கும் முன்பே இதை யோசிப்பது நல்லது. கிளோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால்; இங்கே அதை வைத்திருக்க உரிமம் வேண்டும், அது கொடிய விஷமும்கூட. எரிபொருள் முறையாகக் கிடைக்க வழியில்லாமல் இன்ஜினை மட்டும் வாங்கி என்ன செய்வது? கிடைத்தாலும் பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயிலைக் கலக்காதீர்கள். அந்த வகை ஆயில்கள் பெரும்பாலும் மெத்தனாலில் கரையாமல் பிரிந்து நிற்கும், பிஸ்டனுக்கு மசகு போகாது. ஆமணக்கு எண்ணெய் கரையும். 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கு எண்ணெய் என்ற கலவையில், வழக்கமாகச் சேர்க்கும் நைட்ரோமீத்தேன் இல்லாமலே பல இன்ஜின்கள் ஓடும். ஐடிலிங் மட்டும் சற்றுத் தடுமாறும்.

மோட்டாருக்கு, பயிற்சி விமானம் என்றால் கிலோவுக்கு 220 வாட் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரைக் கிலோவுக்கு 550 வாட். 4 செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 14.8 வோல்ட் என்பதால் சுமார் 37 ஆம்பியர் இழுக்கும். 800 கேவி மோட்டார் (சுமையில்லாதபோது வோல்ட்டுக்கு நிமிடம் 800 சுற்று), 12x6 எலக்ட்ரிக் புரொப்பல்லர், 60 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) பொருந்தும். பேட்டரி 4000 எம்ஏஹெச் (4 ஆம்பியர்-மணி) இருந்து, அதில் 80 சதவீதம் மட்டும் செலவழித்து, சராசரியாக 20 ஆம்பியரில் பறத்தினால் ஒன்பதரை நிமிடம் கிடைக்கும். முதல் ஓட்டத்தில் வாட் மீட்டர் மாட்டிப் பாருங்கள். மோட்டாரில் குறித்திருக்கும் ஆம்பியர் வரம்பைத் தாண்டினால் புரொப்பல்லரை ஒரு அங்குலம் குறைக்க வேண்டும்.

ரேடியோ, இஎஸ்சி அமைப்புகளைப் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டே செய்யுங்கள். கிளோ இன்ஜின் நாம் சுற்றிவிடாமல் கிளம்பாது. பேட்டரி மாட்டிய மோட்டார், ரேடியோவின் த்ராட்டில் குச்சியில் சட்டை நுனி பட்டாலே கிளம்பிவிடும்.