2006 சீசன் பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழக அணியை எப்படி மாற்றியது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சின்னக் கான்ஃபரன்ஸ் (அணிகளின் லீக் குழு) அணி பெரிய பௌல் ஆட்டத்துக்குள் (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) நுழைவது அன்று லேசில்லை. கான்ஃபரன்ஸை வென்று, பெரிய பௌல்களுக்கு அணிகளைத் தேர்ந்தெடுத்த பிசிஎஸ் முறையின் தரவரிசையில் முதல் 12-க்குள் வந்தால் இடம் உறுதி. மேல்மட்டப் பிரிவுக்கே 1996-இல் வந்த பாய்ஸி ஸ்டேட், 2006-இல் 12 ஆட்டங்களையும் வென்று ஃபியஸ்டா பௌலை எட்டியது. கிறிஸ் பீட்டர்சன் தலைமைப் பயிற்சியாளரான முதல் ஆண்டு அது.

எதிரணி ஓக்லஹோமா. பாய்ஸி பின்தங்கியிருந்தது; 18 விநாடி மிச்சம், நான்காவது டவுன் (பந்தைத் தக்கவைக்கக் கடைசி முயற்சி), 18 யார்டு தேவை. பந்தைப் பிடித்தவர் குறுக்கே ஓடிவந்தவரிடம் கைமாற்ற, டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து 6 புள்ளி)! ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் ஓக்லஹோமா முன்னிலை பெற, பாய்ஸியும் டச்டவுன் போட்டது. அதன்பின் 1 புள்ளி உதையால் சமன் செய்திருக்கலாம். ஆட்டம் நீண்டால் வலுவான அணிக்கே சாதகம். துணிந்து, பந்தை மீண்டும் கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் கிடைக்கும் 2 புள்ளிக்குப் போனார்கள். குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) வலப்பக்கம் வீசுவதுபோல் பாவனை காட்டி, முதுகுக்குப் பின்னால் பந்தை ஓட்டக்காரர் இயான் ஜான்சனிடம் தந்தார். 43-42 என பாய்ஸி வென்றது.

குருட்டு அதிர்ஷ்டம் என்றவர்களுக்கு 2009-இன் 14-0 (14 வெற்றி, தோல்வியே இல்லை) பதில் சொன்னது. 2011-இல் மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் இடமும் கிடைத்தது.