பட்டறை பதில்கள்: சேத்துல போற காசு

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல மஹிந்திரா தார், ஜீப், ஆஃப்ரோடுன்னே (ரோடில்லாத எடத்துல ஓட்டறது) இருந்துச்சு. கார் ஏசி, பைக் மைலேஜ் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கேள்வி: 2021 மாடல் தார் டீசல் 4x4 செகண்ட் ஹேண்ட்ல வாங்கிருக்கேன். 33 இஞ்ச் மட் டயர் (சேத்துக்கான பெரிய பட்டன் டயர்), வண்டிய 2 இஞ்ச் உயர்த்துற லிஃப்ட், என்ஜினுக்கு மேலேர்ந்து காத்து எடுக்குற ஸ்நார்க்கல், மாட்டுன வண்டிய கம்பி கட்டி இழுக்குற வின்ச் எல்லாம் போடணும்னு ஆசை. கொள்ளிடத்து மணல்லயும் எங்க ஊர் சேத்துலயும் ஓட்டத்தான். மாட்டுற செலவு தெரியும், அதுக்கப்புறம் என்னென்ன செலவு வரும்? (வாசகர், மன்னார்குடி)

கேட்டீங்களே தம்பி, இத கேக்காம தான் பாதி பேரு லிஃப்ட் போட்ட வண்டிய ஒரு வருஷத்துல விக்கப் போடறாங்க. உங்க வண்டி 18 இஞ்ச் வீலா இருந்தா கம்பெனி டயர் 255/65, மொத்த உயரம் ஏறக்குறைய 31 இஞ்ச். அதுக்கு 33 போட்டா 6 சதவீதம் பெருசாகுது, மீட்டர்ல 80 காட்டுறப்ப நெசமா 85ல போறீங்க, 100 கிலோமீட்டர் ஓடுனா 94ன்னு தான் ஏறும், அத நம்பி சர்வீஸ் விட்டா ஆயில் மாத்தறதும் தள்ளிப்போகும். இது சின்ன விஷயம். பெருசு என்னன்னா அந்த டயர் கனத்த கிளட்ச் இழுக்கணும், பிரேக் நிறுத்தணும், வீல் பேரிங்கும் பால் ஜாயிண்டும் தாங்கணும், இதெல்லாம் சின்ன டயருக்கு கணக்கு பண்ணி செஞ்சது. லிஃப்ட் போட்டா முன்னாடி டிரைவ் ஷாஃப்ட் சாய்வு கூடிடும், ஜாயிண்ட மூடுற ரப்பர் உறை (பூட்) சீக்கிரம் கிழியும், கிரீஸ் வெளிய போயி சேறு உள்ள போகும். உறை சல்லிசு தான், கிழிஞ்சத பாக்காம ஓட்டினா போற ஜாயிண்ட் சல்லிசு இல்ல.

இப்ப நம்ம களிமண்ணுக்கு வருவோம். மலையில ஓட்டறவங்களுக்கு பாறையில அடி வாங்குறது செலவு, டெல்டாக்காரனுக்கு சேறு ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வர்றது செலவு. உங்க வண்டிக்கு பின்னாடி டிரம் பிரேக், உள்ள போன சேறு காஞ்சு லைனிங்கையும் டிரம்மையும் சேத்து தேய்க்கும். ரேடியேட்டர் சந்துல அடைச்சா என்ஜின் சூடாகும், அத கழுவுறேன்னு வாட்டர் வாஷ்ல முழு பிரஷர்ல அடிச்சா ஃபின் மடங்கிடும், என்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிய தள்ளுற மாதிரி மெதுவா தான் அடிக்கணும். அறுவடை முடிஞ்ச வயல்ல போனீங்கன்னா வைக்கோல் ஜாயிண்ட் ஷாஃப்ட்ல சுத்திக்கிட்டு ஆயில் சீல அறுக்கும், சைலன்சர் பக்கம் சிக்கினா தீயே பிடிக்கும். உங்களது பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த வண்டி, புகை ஃபில்டர் இருக்கு, அதுல சேர்ற கரிய வண்டியே எரிச்சு சுத்தம் பண்ணிக்கும், அந்த நேரம் சைலன்சர் பயங்கர சூடா இருக்கும், காஞ்ச வைக்கோல் மேல மட்டும் நிறுத்தாதீங்க. எப்பப் பாத்தாலும் ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டிக்கிட்டிருந்தா அந்த ஃபில்டர் அடைச்சுக்கும், அதனால அப்பப்ப ஹைவேல ஒரு நீட்டு நீட்டிட்டு வாங்க.

அப்புறம் ஒண்ணு, மட் டயர் பிடிக்கணும்னா கீழ எங்கயாச்சும் கெட்டித்தரை இருக்கணும். தண்ணி கட்டி உழுத வயல்ல அது ஏது? சுத்தச் சுத்த ஆக்சில் ஹவுசிங் வரைக்கும் உக்காந்துடும், அப்ப கேஜ் வீல் (இரும்புக் கூண்டு சக்கரம்) போட்ட டிராக்டர் தான் தெய்வம், அவரு கேக்குற காசு தான் காசு. வின்ச் இருக்குல்லம்பீங்க, அத கட்ட மரம் வேணுமே, நடு வயல்ல மரத்துக்கு எங்க போறது? கரண்டு கம்பத்துல கட்டுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அந்த வேலை வேணாம். அடுத்தவன் வரப்ப உடைச்சுட்டு வந்தா அந்த செலவு தனி, அத விட ஊர்ல வர்ற பேச்சு தனி.

மணலுக்கு மட் டயர் ஆகவே ஆகாது, தோண்டிக்கிட்டு உள்ள போயிடும். இருக்கற டயர்ல காத்த 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்குங்க, பாதி பிரச்சனை அங்கயே தீந்துடும். கொள்ளிடத்துல இறங்குறதுக்கு முன்னாடி முக்கொம்புல தண்ணி திறந்திருக்காங்களான்னு கேட்டுக்கங்க, மேட்டூர் நிரம்பி உபரி வர்ற சமயத்துல மேல வெயில் அடிக்கும், கீழ தண்ணி வந்துகிட்டிருக்கும். ராத்திரி போகவே போகாதீங்க, மணல் அள்ள வந்த கும்பல்னு ஊர்க்காரங்க சுத்தி வளைச்சா உங்க லிஃப்ட்டக் காட்டியா புரிய வைக்க முடியும்?

என் காசா இருந்தா கம்பெனி சைஸ்லயே ரோடு, மண்ணு ரெண்டுக்கும் ஆகற நல்ல ஏடி டயர், காத்தடிக்க ஒரு கம்ப்ரசர், மாட்டுன வண்டிய இழுக்க நீண்டு குடுக்குற கைனட்டிக் ரோப், அத மாட்ட ரெண்டு ஷாக்கிள் (இரும்பு கொக்கி வளையம்). அவ்ளோதான் வாங்குவேன். லிஃப்ட் காசு பேங்க்ல கிடக்கட்டும், கிளட்ச் மாத்த ஆகும்.

கேள்வி: முழங்கால் தண்ணியில ஒரு வாய்க்கால கடந்தேன். ஒரு வாரம் கழிச்சு பாத்தா பின் ஆக்சில் ஆயில் பால் காபி கலர்ல இருக்கு. சீல் எதுவும் ஒழுகலையே? (வாசகர், கும்பகோணம்)

கும்பகோணத்துக்காரருக்கு காபி எங்க போனாலும் விடாது போலருக்கு. தண்ணி கலந்துடுச்சு சார். ஓடி வந்த ஆக்சில் சூடா இருக்கும், பட்டுன்னு குளிர்ந்த தண்ணியில இறங்கினா உள்ள இருக்குற காத்து சுருங்கும், ப்ரீதர் (ஆக்சிலுக்கு காத்து போய் வர்ற சின்ன குழாய்) அடைச்சிருந்தா சீல் ஓரமா தண்ணிய உறிஞ்சிடும். வெளிய ஒழுகாத சீல் கூட இப்படி உள்ள விடும். உடனே வடிச்சு புது ஆயில் ஊத்துங்க, கொஞ்சம் ஓட்டிட்டு திரும்ப பாருங்க, மறுபடி வெளுத்தா இன்னொரு தடவ மாத்துங்க. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் வீலுக்கு சக்திய பிரிக்கற பெட்டி) ஆயிலையும் சேத்து பாத்துடுங்க. அப்படியே விட்டா பேரிங் துரு பிடிச்சு ஊளையிட ஆரம்பிக்கும். ப்ரீதருக்கு ஒரு ஹோஸ் போட்டு உயரமா ஏத்தி விடுங்க, ஸ்நார்க்கல விட அது தான் உங்களுக்கு முக்கியம்.

கேள்வி: கடலோரம் ஈர மணல்ல ஓட்டுனேன், ரெண்டே மாசத்துல அடியில எல்லாம் துரு. அண்டர்பாடி கோட்டிங் அடிச்சா போதுமா? (வாசகர், வேதாரண்யம்)

துரு மேலயே கோட்டிங் அடிச்சா உப்ப உள்ள வச்சு பூட்டுன மாதிரி. முதல்ல நல்ல தண்ணியில சேசிஸ் ஓட்டைக்குள்ளல்லாம் பாய்ச்சி கழுவணும், அதுவும் அன்னிக்கே, உங்க ஊர்ல நல்ல தண்ணி போர் எங்க இருக்குன்னு தேடுறதே ஒரு வேலைன்னு தெரியும். காய விட்டு, துருவ சுரண்டி, அப்புறம் கோட்டிங்.

ஆனா அண்ணே, போன எடம் எது? கோடியக்கரை 1967லேர்ந்து சரணாலயம், அதுக்குள்ள போனா வண்டியே பறிபோகும். ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் நம்ம கரையில பங்குனி ஆமை முட்டையிட ஏறும், முட்டை மணலுக்கு கீழ இருக்கும், மேல ஏறி ஓட்டறவருக்கு தெரியவே தெரியாது. அந்த மாசங்கள்ல விட்டுடுங்க.

கேள்வி: மாடிஃபிகேஷனுக்கு ஃபைன் எவ்ளோ? இன்சூரன்ஸ் கிடைக்குமா? (வாசகர், திருவாரூர்)

மோட்டார் வாகன சட்டம் 182ஏ படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா, இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஒவ்வொண்ணுக்கும்ங்கறத கவனிங்க. முன்னாடி கம்பி பம்பருக்கு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை போட்டாச்சு. இன்சூரன்ஸ்ல சொல்லாம மாட்டினது க்ளெய்ம் அப்ப வில்லங்கமாகும். தண்ணி குடிச்சு என்ஜின் போனா சாதா பாலிசியில வராது, என்ஜின் புரொடெக்ட் தனியா எடுத்திருக்கணும். தண்ணியில நின்ன வண்டிய திரும்ப ஸ்டார்ட் பண்ணி கனெக்டிங் ராட வளைச்சுட்டீங்கன்னா அதுவும் இழுபறி தான். சாவிய தொடாம கட்டி இழுத்துட்டு வாங்க.

கேள்வி: மழைக்கு தார் ரோட்டுலயும் 4எச்ல (நாலு வீலும் இழுக்குற நிலை) ஓட்டலாமா? (வாசகர், சீர்காழி)

நல்லா நனைஞ்சு வழுக்குற ரோடுன்னா கொஞ்ச தூரம் ஓட்டலாம். காஞ்ச ரோட்டுல வேணாம், இந்த மாதிரி வண்டியில நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவுல முன் வீலும் பின் வீலும் வேற வேற வேகத்துல சுத்தணும், சுத்த முடியாம ஷாஃப்ட் முறுக்கிக்கும், ஸ்டியரிங் கல்லாட்டம் ஆகும், லீவர் 2எச்சுக்கு (ரெண்டு வீல் மட்டும் இழுக்குற நிலை) திரும்பி வராது. அப்படி மாட்டிக்கிட்டா கொஞ்ச தூரம் நேரா ரிவர்ஸ் எடுங்க, விட்டுக்குடுக்கும்.